சித்தப்பாவுக்கு 41 வந்திருக்கிறது, அதை வைத்து என்ன சொல்ல முடியும்?

பேரையூர் பக்கத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிற கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அவருடைய சித்தப்பா 24 வருஷம் ராணுவத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர், 1987-இல் அமைதிப்படையோடு யாழ்ப்பாணம் போனவர். ஊருக்கு வந்த பிறகு ஏடிஎம்மில் செக்யூரிட்டி வேலை பார்த்தார், போன வருஷம் அதையும் விட்டுவிட்டு வீட்டோடு இருக்கிறார். இப்போது ராத்திரி அலறி எழுகிறார், யாரோடும் ஒட்டுவதில்லை, தட்டு விழுந்த சத்தத்துக்கே எரிந்து விழுகிறார். தம்பி இணையத்தில் பிசிஎல்-5 என்ற கேள்வித்தாளை எடுத்து, செல்போனிலேயே தமிழாக்கி, சித்தப்பாவை உட்கார வைத்துக் கேட்டுக் கூட்டிப் பார்த்திருக்கிறார். 41 வந்திருக்கிறது. இது பிடிஎஸ்டிதானா (பெரும் அதிர்ச்சிக்குப் பிறகு மனத்தில் தங்கிவிடுகிற நோயை அப்படிச் சொல்கிறார்கள்), மைல்டா சிவியரா, இதை வைத்து ஊனப் பென்ஷனுக்கு எழுதலாமா என்று கேட்கிறார்.

நான் மதுரையில் மனநலப் பிரிவில் இந்த மாதிரித் தாள்களோடு இருபது வருஷமாக மல்லுக்கட்டுகிற உளவியலாளன். நேராகவே சொல்லிவிடுகிறேன். சித்தப்பாவை டாக்டரிடம் கூட்டிப் போகத்தான் வேண்டும், அதற்கு 41 தேவையே இல்லை, அவர் அலறி எழுவதே போதும். ஆனால் அந்த 41-ஐ வைத்து நோயின் பேரையும் சொல்ல முடியாது, தரத்தையும் சொல்ல முடியாது, பென்ஷனும் வாங்க முடியாது. ஏன் என்று சொல்வதற்குக் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தாளில் கேள்விகள் 20. ஒவ்வொன்றுக்கும் துளியும் இல்லை என்றால் 0, தாங்க முடியாத அளவு என்றால் 4, ஆக மொத்தம் 80. எல்லாமே போன ஒரு மாதத்தைப் பற்றித்தான். 1987-இல் என்ன நடந்தது என்று அது கேட்கவில்லை, அன்றைக்கு நடந்தது இந்த ஒரு மாதத்தில் ஆளை எவ்வளவு படுத்தியது என்று கேட்கிறது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான மையத்தில் உருவாக்கி, அங்கிருந்த படைவீரர்களிடம் சரிபார்த்து, 31-க்கும் 33-க்கும் நடுவில் ஒரு கோடு போட்டார்கள். தாண்டினால் உட்கார வைத்து விரிவாகக் கேள் என்பதுதான் அந்தக் கோட்டின் அர்த்தம்.

வைகை அணையை நினைத்துக்கொள்ளுங்கள். 66 அடி வந்தால் முதல் எச்சரிக்கை, 68.5-இல் இரண்டாவது, 69-இல் மூன்றாவது, முழு நீர்மட்டம் 71 அடி. 65.9 அடியில் இருக்கிற தண்ணீர் ஒரு ஜாதி, 66-இல் இருக்கிறது வேறு ஜாதி என்று யாராவது சொல்வார்களா? தண்ணீர் ஒரே சீராகத்தான் ஏறுகிறது. எங்காவது ஒரு இடத்தில் ஆற்றங்கரைக்காரர்களை எழுப்பியாக வேண்டுமே என்பதற்காக மனிதன் போட்ட கோடு அது. பிடிஎஸ்டியும் அப்படித்தான் என்பது என் கருத்து மட்டும் இல்லை. போர் பார்த்துவந்த அமெரிக்கப் படைவீரர்களின் விடைகளை வைத்து 2002-இல் ஒரு புள்ளியியல் ஆய்வு செய்தார்கள், நோய் உள்ளவர் இல்லாதவர் என்று இரண்டு தனிக் கூட்டமாக அவர்கள் பிரியவில்லை, கொஞ்சம் கொஞ்சமாக ஏறுகிற ஒரே சரிவாகத்தான் இருந்தார்கள். டாக்டருக்கோ மருந்து கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு முடிவு வேண்டும், அரசாங்கத்துக்குப் பணம் கொடுப்பதா வேண்டாமா என்று ஒரு முடிவு வேண்டும், அதனால் கோடு போடுகிறார்கள்.

கோட்டைத் தாண்டினவர்கள் எல்லாருக்கும் நோய் இருக்கும் என்றும் இல்லை. கணக்குக்காக நானே சில எண்கள் எடுக்கிறேன். முன்னாள் படைவீரர்கள் 1,000 பேர் நிற்கிறார்கள், அதில் 100 பேருக்கு உண்மையிலேயே நோய் இருக்கிறது. தாள் நல்ல தாள், நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 80 பேரைப் பிடிக்கிறது, இல்லாதவர்களில் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. அப்போது அந்த 100-இல் 80 பேர் தாண்டுவார்கள், மீதி 900-இலும் 180 பேர் தாண்டுவார்கள். மொத்தம் தாண்டின 260 பேரில் நோய்க்காரர்கள் 80 பேர்தான். மற்ற 180 பேர் சும்மா தாண்டவில்லை, அவர்களுக்கும் ஏதோ இருக்கிறது: மனச்சோர்வு, குடி, குறட்டையில் மூச்சு நின்று நின்று வருவது, எப்போதோ தலையில் பட்ட அடி. தூக்கம் கெடுவது, எரிந்து விழுவது, கவனம் நிற்காதது, எதிலும் நாட்டம் இல்லாதது என்று அந்தத் தாளின் நாலைந்து கேள்விகளை இவர்கள் எல்லாருமே நிரப்பிவிடுவார்கள்.

அடுத்தது, எந்தச் சம்பவம்? இதைத்தான் வீட்டில் கேட்கிறவர்கள் விட்டுவிடுவார்கள். தாளைத் தொடங்குவதற்கு முன் ஒரு சம்பவத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், சாவோ சாவுக்குப் பக்கத்திலோ கடுமையான காயமோ பாலியல் வன்முறையோ சம்பந்தப்பட்டது, தனக்கே நடந்தது, கண்ணால் பார்த்தது, நெருங்கினவருக்கு நடந்தது, அல்லது வேலை என்று உடல்களைப் பொறுக்கிச் சேர்க்கிறவர்களுக்கு நடக்கிற மாதிரி திரும்பத் திரும்ப முகம் கொடுக்க வேண்டியிருந்தது. சித்தப்பா என்றால் யாழ்ப்பாணம்தான் என்று தம்பி முடிவு கட்டிவிட்டார். இருக்கலாம். நான் ஒருவரைக் கார்கில் கார்கில் என்று மூன்று நாள் சுற்றிச் சுற்றிக் கேட்டேன். நாலாவது நாள் அவர் சிரித்துக்கொண்டே, "சார், நீங்களும் அதையே பிடிச்சுக்கிட்டீங்க. எனக்கு வர்ற கனவு வாடிப்பட்டி பைபாஸ்ல, லாரிக்கு அடியில கெடந்த பிள்ளைய வெளிய எடுத்தது" என்றார். ஓய்வு பெற்று வந்த பிறகு நடந்தது அது. கார்கில் அவரைத் தூங்க விட்டிருந்தது.

சரி, நோய் என்று பேர் வைக்கிற விதிக்கு வருவோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடான டிஎஸ்எம்-5, 2013-இல் வந்தது, அந்த 20 அறிகுறிகளையும் நாலு கட்டாகக் கட்டியிருக்கிறது. நினைவும் கனவுமாக வந்து வந்து தாக்குவது 5, அதை நினைப்பதிலிருந்தும் நினைவுபடுத்துகிற இடம் ஆள் பொருளிலிருந்தும் ஒதுங்குவது 2, எண்ணமும் மனநிலையும் கறுத்துப்போவது 7, உடம்பு எந்நேரமும் முறுக்கேறி நிற்பது 6. முதல் இரண்டு கட்டிலும் ஒவ்வொன்றாவது வேண்டும், பின் இரண்டிலும் இரண்டிரண்டு வேண்டும். ஒரு மாதத்துக்கு மேல் நீடிக்க வேண்டும், வேலையோ குடும்பமோ அதனால் கெட்டிருக்க வேண்டும், குடியாலோ மருந்தாலோ வந்ததாக இருக்கக் கூடாது.

பிசிஎல்-5-இல் ஒரு கேள்விக்கு 2 அல்லது அதற்கு மேல் வந்தால் அந்த அறிகுறி இருக்கிறது என்று எடுத்துக்கொள்வார்கள். இதை வைத்து ஒரு வேடிக்கை பாருங்கள். ஆறே கேள்விக்கு 2, 2 என்று போட்டு மற்றதெல்லாம் 0 போட்ட ஆளின் மொத்தம் 12, ஆனால் அந்த ஆறும் சரியான கட்டுகளில் விழுந்திருந்தால் அறிகுறிக் கணக்கு நிறைந்துவிடுகிறது. இன்னொருவர் ஒதுங்குவது பற்றிய இரண்டு கேள்விக்கு மட்டும் 0 போட்டு மீதி 18-க்கும் 4 போடுகிறார், மொத்தம் 72, அவருக்கு விதிப்படி பிடிஎஸ்டி கிடையாது. அதனால் தம்பி, மொத்தத்தை விட்டுவிட்டு அந்த 41 எந்தெந்தக் கேள்வியில் விழுந்தது என்று பாருங்கள். எண் கூட்டினவுடன் செய்தி தொலைந்துவிடுகிறது.

எத்தனை விதமாகச் சேரலாம் என்று பெருக்கிப் பார்த்தவர்களும் உண்டு. முதல் கட்டில் 31 வழி, இரண்டாவதில் 3, மூன்றாவதில் 120, நாலாவதில் 57, பெருக்கினால் 6,36,120. அத்தனை விதமான ஆட்களுக்கும் ஒரே பேர். பழைய டிஎஸ்எம்-4 விதியில் இதே கணக்கு 79,794. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 வேறு வழியில் போயிற்று, 2022-இல் நடைமுறைக்கு வந்தது அது. சம்பவம் இப்போதே நடப்பது போல வருவது, ஒதுங்குவது, ஆபத்து இன்னும் பக்கத்திலேயே இருப்பது போன்ற உணர்வு என்று மூன்றே கட்டு. அதற்கான கேள்வித்தாளில் கட்டுக்கு இரண்டு கேள்வி, ஒவ்வொன்றிலும் ஒன்றாவது வேண்டும். பெருக்கினால் 27 தான். தூக்கம், கவனம், கோபம் என்று எல்லா நோயிலும் வருகிறதை அவர்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை. இதோடு உணர்ச்சியைக் கட்டுக்குள் வைக்க முடியாமை, தன்னைப் பற்றிக் கேவலமான எண்ணம், யாரோடும் நெருங்க முடியாமை மூன்றும் சேர்ந்தால் சிக்கலான பிடிஎஸ்டி என்று தனியாக இன்னொரு பேர் வைத்தார்கள். எனக்கு இரண்டில் எது பிடிக்கும் என்றால், வகைப்படுத்துவதற்கு ஐசிடி, ஆளைப் புரிந்துகொள்வதற்கு டிஎஸ்எம்மின் நீளமான பட்டியல். ஒரே ஆளுக்கு ஒன்றில் நோய் உண்டு, மற்றதில் இல்லை என்று வருவதும் நடக்கிறதுதான். அப்போது ஆள் பொய் சொன்னார் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

இந்தக் கோடுகள் எவ்வளவு நகர்ந்திருக்கின்றன என்று தெரிந்தால் 41 மேல் இருக்கிற பயபக்தி தானாகக் குறையும். முதல் உலகப் போரில் குண்டு வெடித்த அதிர்ச்சி என்ற அர்த்தத்தில் ஷெல் ஷாக் என்றார்கள், 1915-இல் சார்லஸ் மையர்ஸ் அதை மருத்துவ இதழில் எழுதினார். அந்தப் போரில் மனம் கலங்கி வந்த அதிகாரிகளுக்கு ஸ்காட்லாந்தில் சிகிச்சை தந்த டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ், அதற்குப் பதினாலு பதினைந்து வருஷத்துக்கு முன்னால் நம் நீலகிரியில் தோடர்களிடையே தங்கி அவர்கள் வாழ்க்கையை எழுதிக்கொண்டிருந்தவர். மதராஸ் ரெஜிமெண்டுக்கு ஆள் பயிற்றுகிற வெலிங்டன் அதே மலையில்தான் இருக்கிறது, ஏனோ இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். 1952-இல் வந்த முதல் டிஎஸ்எம்மில் பெரும் அழுத்தத்துக்கான எதிர்வினை என்று ஒன்று இருந்தது. வியட்நாமில் போர் உச்சத்தில் இருந்த 1968-இல் வந்த இரண்டாவது பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். 1980-இல்தான் பிடிஎஸ்டி என்ற பேரோடு திரும்பி வந்தது.

1994 பதிப்பில் இன்னொரு கோணல். சம்பவம் நடந்த அந்த நேரத்தில் கடும் பயமோ கையறுநிலையோ திகிலோ உணர்ந்திருக்க வேண்டும் என்று ஒரு விதி. இதைப் பட்டாளத்துக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். "பயமா? பயப்பட எங்க நேரம் இருந்துச்சு? கை தானா வேலை செஞ்சுச்சு" என்பார். பயிற்சி என்பதே அதற்குத்தானே. அவர் நடுங்கியது மூன்று மாதம் கழித்து ரயிலில் ஊருக்கு வரும்போது. 2013-இல் அந்த விதியைத் தூக்கினார்கள், நல்ல வேளை. இப்படித்தான், வியட்நாம் போய்வந்த ஆண்களில் வாழ்நாளில் எப்போதாவது இந்த நோய் இருந்தவர்கள் 30.9 சதவீதம் என்று 1980-களின் பெரிய ஆய்வு சொன்னது. அதே ஆட்களின் தகவலை ராணுவப் பதிவுகளோடு ஒப்பிட்டு, வாழ்க்கை கெட்டதா என்பதையும் சேர்த்துப் பார்த்து 2006-இல் மறுபடி கணக்கிட்டபோது 18.7 என்று வந்தது. ஆட்கள் அதே ஆட்கள், போரும் அதே போர்.

இனி எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், அதாவது நம் ஊர்த் தமிழ். செல்போன் செய்த தமிழாக்கத்தை நம்பாதீர்கள். சட்டென்று திடுக்கிடுகிறீர்களா என்று கேட்க வேண்டிய இடத்தில் 'துள்ளலாக உணர்கிறீர்களா' என்று அச்சடித்துக்கொண்டு வந்தார் ஒரு பையன். அவருடைய தாத்தா, "இந்த வயசுலயாப்பா?" என்று சிரித்துவிட்டு 0 போடச் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் ஃபேன் கட்டை உடைந்து விழுந்த அன்று கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்தவர்.

அதைவிடப் பெரிய கண்ணி, விடைக்கான ஐந்து சொற்கள். நடுவில் இருக்கிற 2-க்குச் 'சுமாராக' என்று போட்டால் தொலைந்தது. படம் சுமார் என்றால் நன்றாக இல்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறவரை எப்படி இருக்கிறார் என்று கேட்டு, "சுமாராத்தான் இருக்காரு" என்று பதில் வந்தால் ஊரிலிருந்து ஆட்கள் கிளம்பிவிடுவார்கள். ஆக ஒருவருக்குச் சுமார் என்பது 1, இன்னொருவருக்கு 3. 'மிதமாக' என்று போட்டால் பாதிப்பேருக்கு அது மழை, வெயில் பற்றின சொல். நான் என்ன செய்கிறேன் என்றால் சொல்லை விட்டுவிட்டு ராத்திரியை எண்ணச் சொல்வேன். போன வாரம் ஏழு ராத்திரியில் எத்தனை ராத்திரி அந்தக் கனவு? எழுந்தால் திரும்பப் படுக்க எவ்வளவு நேரம்? எழுந்து என்ன செய்வீர்கள்? கேப்ஸ்-5 என்று ஒரு நேர்காணல் முறை இருக்கிறது, 30 கேள்வி, முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும், அதிலும் இப்படித்தான் எத்தனை தடவை, எவ்வளவு கடுமை என்று உதாரணத்தோடு கேட்டு, கேட்கிறவர் மார்க் போடுவார். நோய் உண்டா என்று சொல்வதற்கு இன்றைக்கு உரைகல்லாக வைத்திருப்பது அதைத்தான். பிசிஎல்-5-இல் மார்க் போடுவது நோயாளி, கேப்ஸ்-5-இல் பயிற்சி பெற்றவர். வித்தியாசம் அங்கேதான்.

'எப்போதும் உஷாராக, காவல் காப்பது போல இருக்கிறீர்களா' என்று ஒரு கேள்வி வரும். ஒரு முன்னாள் நாயக் இதற்கு 0 போட்டார். எனக்கு நம்பிக்கை இல்லை. "ராத்திரி என்ன செய்வீங்க?" என்றேன். "டூட்டி." "டூட்டி இல்லாத ராத்திரி?" கொஞ்சம் யோசித்தார். மொட்டை மாடிக்கு ஏறித் தெருவின் இரண்டு முனையையும் பார்ப்பாராம், அப்புறம் பின்பக்கம் வாய்க்கால், அப்புறம் மறுபடி தெரு, விடிய நாலு மணி வரைக்கும். "அது பழக்கம் சார், அதுக்குத்தானே சம்பளம் குடுக்குறான்." நம் பக்கத்தில் பட்டாளத்திலிருந்து வருகிறவர்கள் பலர் செக்யூரிட்டி வேலைக்குத்தான் போகிறார்கள், நோயின் ஒரு பாதிக்குச் சீருடை மாட்டிச் சம்பளமும் கொடுத்துவிடுகிறோம். தம்பி, உங்கள் சித்தப்பா ஏடிஎம் வேலையை விட்ட பிறகு மோசமானார் என்று எழுதியிருக்கிறீர்கள் இல்லையா, எனக்கு அதில் ஆச்சரியமே இல்லை. முழித்திருப்பதற்கு இருந்த காரணம் போய்விட்டது, முழிப்பு மட்டும் மிச்சம்.

வேட்டுச் சத்தத்தையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் ஜூலை 4 வாணவேடிக்கைக்குப் படைவீரர்கள் கலங்குவார்கள் என்று எழுதுவார்கள், வருஷத்துக்கு ஒரு நாள். இங்கே சாமி கும்பிட்டால் வேட்டு, கல்யாணத்துக்கு வேட்டு, கட்சிக்காரர் காரை விட்டு இறங்கினால் வேட்டு, உசிலம்பட்டி திருமங்கலம் பக்கம் இழவு வீட்டிலிருந்து சுடுகாடு வரைக்கும் வழி நெடுக வேட்டு, மேலூர்ப் பக்கம் கல்குவாரி வெடி. என் பெரியப்பா ஒருவர் 1971 போருக்குப் போனவர், சொந்த அண்ணன் சாவுக்கே ஊர்வலத்தோடு போகவில்லை. வீட்டுப் பின்கட்டில், மாட்டுக்குத் தண்ணி காட்டுகிற தொட்டி ஓரமாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, தொட்டி விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார், நான் பள்ளிக்கூடப் பையன், பார்த்தேன். அண்ணனுக்குத் தோள் கொடுக்கவில்லை என்று சொந்தக்காரர்கள் சாகிற வரைக்கும் அவரைப் பேசினார்கள். தாளில் அது 'ஒதுங்குவது' என்ற கேள்வியில் ஒரு 3 அல்லது 4. ஊரில் அதன் பேர் பாசமில்லாதவன்.

யாழ்ப்பாணம் போனவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 1987 ஜூலையில் ஒப்பந்தம், 1990 மார்ச்சில் கடைசிப் படை திரும்பியது, ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய வீரர்கள் அங்கே இறந்தார்கள், ஈழத்து மக்கள் பட்டது அதற்கு மேல். கூட இருந்த பஞ்சாபிக்கும் கூர்க்காவுக்கும் அங்கே கேட்டது வெறும் சத்தம். நம் ஊர்க்காரருக்கு அர்த்தத்தோடு கேட்டது. வீட்டைச் சோதனை போடும்போது ஒரு கிழவி, "தம்பி, நீ எந்த ஊர்?" என்று தமிழில் கேட்டதுதான் தனக்கு வருகிற கனவு என்று ஒருவர் என்னிடம் சொன்னார். அதில் குண்டு இல்லை, ரத்தம் இல்லை, பயமும் இல்லை. இது எந்தக் கட்டில் விழும்? குற்றவுணர்வு, அவமானம் என்று பிசிஎல்-5-இல் ஒரு கேள்வியின் பாதிக்குள் அடைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் இடம். இதற்கு 1990-களிலேயே அறக்காயம் என்ற பொருளில் ஒரு பேர் வைத்தார்கள், 2000-க்குப் பிறகு ஆய்வாளர்கள் தனியாக அளக்கவும் பார்க்கிறார்கள், ஆனால் நோய்ப் பட்டியலில் அது இன்னும் ஒரு நோயாக ஏறவில்லை. யாழ்ப்பாணத்து மருத்துவர்கள் மனவடு என்ற சொல்லை ரொம்ப நாளாகப் புழங்குகிறார்கள். நாம் இங்கே மன உளைச்சல், மன அழுத்தம் என்று எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டுக் கட்டுகிறோம். வடு என்ற சொல் எவ்வளவு பொருத்தம், காயம் ஆறினதையும் சொல்கிறது, தடம் போகாததையும் சொல்கிறது.

இன்னொன்று, யார் கேட்கிறார்கள் என்பதைப் பொறுத்து விடை மாறும். போரிலிருந்து திரும்பிய ஓர் அமெரிக்கப் படைப்பிரிவில் பேரோடு ஒரு முறை, பேரில்லாமல் ஒரு முறை கேட்டுப் பார்த்தார்கள், 2011-இல் வெளிவந்தது. பேரில்லாமல் எழுதினபோது மனச்சோர்வு, பிடிஎஸ்டி, தற்கொலை எண்ணம் எல்லாம் இரண்டிலிருந்து நாலு மடங்கு கூடுதலாக வந்தது. 2004-இல் வந்த இன்னோர் ஆய்வில், சோதனையில் மனநோய் இருப்பதாகத் தெரிந்த வீரர்களில் உதவி கேட்டுப் போனவர்கள் 23-லிருந்து 40 சதவீதம்தான். நம் ராணுவத்தில் உடல்தகுதியை ஷேப் என்று ஐந்தெழுத்தில் சொல்வார்கள், அதில் முதல் எழுத்தான எஸ் மனநிலைக்கானது. ஷேப்-1 என்ற முழுத் தகுதியை வைத்துக்கொண்டு இருபத்து நாலு வருஷத்தை ஓட்டினவர், அண்ணன் மகன் செல்போனைப் பிடித்துக்கொண்டு கேட்டவுடன் மனத்தைத் திறந்து கொட்டிவிடுவாரா? சித்தி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டு வேறு இருந்திருப்பார். என் அனுமானம், உங்கள் 41 குறைத்துச் சொன்ன 41. எதிர்ப்பக்கமும் உண்டு, பென்ஷன் பேச்சு அடிபடுகிற இடத்தில் எல்லாக் கேள்விக்கும் 4 வரும், அதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் எல்லாக் கேள்விக்கும் 4 போடுகிறவரைப் பொய்க்காரர் என்று தள்ளிவிட வேண்டாம், ஒரு தடவையாவது யாராவது கேட்டார்களே என்ற ஆத்திரத்திலும் 4 விழும்.

நினைவும் ஒரே இடத்தில் நிற்காது. வளைகுடாப் போருக்குப் போய்வந்த 59 பேரிடம் திரும்பி வந்த ஒரு மாதத்திலும், இரண்டு வருஷம் கழித்தும் என்னென்ன நடந்தது என்று அதே பட்டியலை வைத்துக் கேட்டார்கள். 88 சதவீதம் பேர் ஒரு விடையையாவது மாற்றினார்கள், 70 சதவீதம் பேர் முதலில் சொல்லாத ஒரு சம்பவத்தைப் பிறகு சொன்னார்கள். இரண்டு வருஷத்துக்கே அப்படி. அதனால் முப்பத்தைந்து வருஷத்துக்கு முந்தியதைச் சித்தப்பா இன்று ஒரு மாதிரியும் தீபாவளிக்கு ஒரு மாதிரியும் சொன்னால் மடக்காதீர்கள்.

இத்தனை வருஷம் கழித்தும் வருமா என்றால், வரும். ஆறு மாதத்துக்குப் பிறகு முழுசாக வெளிப்பட்டால் தாமத வகை என்று பேர். பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2007 கணக்கில் படையினரிடம் வந்த பிடிஎஸ்டியில் 38.2 சதவீதம் இந்த வகை, மற்றவர்களிடம் 15.3. ஆனால் முன்னால் ஒரு அறிகுறியும் இல்லாமல் திடீரென்று வருவது அபூர்வம் என்றும் அதே ஆய்வு சொன்னது. சித்தியைக் கேளுங்கள், கல்யாணம் ஆன புதிதிலேயே ஏதாவது சொல்வார், சுவர்ப் பக்கம் முதுகை வைத்துத்தான் படுப்பார், சினிமாக் கொட்டகையில் ஓரச் சீட்டு இல்லாவிட்டால் திரும்பிவிடுவார் என்கிற மாதிரி. நான் பார்த்த வீடுகளில் பாதி நேரம் மனைவி சொல்வதுதான் சரியான அளவு. கேன்டீன் சரக்கு எவ்வளவு போகிறது என்பதையும் அவரிடமே கேளுங்கள், தூங்குவதற்காகக் குடிக்க ஆரம்பித்து அந்தக் குடியே பின்ராத்திரித் தூக்கத்தைக் கெடுப்பது நிறைய நடக்கிறது.

மைல்டா சிவியரா என்பதற்குப் பதில்: பிசிஎல்-5-இல் அப்படிக் கட்டங்களே கிடையாது, இணையத்தில் யாரோ கலர் அடித்து வைத்திருப்பார்கள், விடுங்கள். பென்ஷன்: நம் விதிப்படி ஊனம் 20 சதவீதமாவது இருக்க வேண்டும், ராணுவச் சேவையால் வந்தது அல்லது சேவையால் கூடியது என்றும் மருத்துவக் குழு சொல்ல வேண்டும். நீங்கள் வீட்டில் போட்ட மார்க் அங்கே செல்லாது. மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள், ஆனால் அதை இரண்டாவதாகச் செய்யுங்கள். முதலில் வைத்தியம். முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் திட்டமான இசிஎச்எஸ் அட்டை இருந்தால் மதுரை பாலிகிளினிக் வழியாகப் போகலாம், இல்லாவிட்டால் அரசு ராஜாஜி மருத்துவமனை மனநலப் பிரிவு. ராத்திரியில் முட்டிக்கொண்டால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம். வயசாகிவிட்டதே என்று யோசிக்க வேண்டாம், வியட்நாம் போய்வந்து முப்பது வருஷம் கழித்துச் சிகிச்சை எடுத்தவர்களுக்கும் குறைந்திருக்கிறது.

ஒன்றை மட்டும் இன்றைக்கே கேட்டுவிடுங்கள். அந்த 20 கேள்வியில் தற்கொலையைப் பற்றி நேராக ஒரு கேள்வி கிடையாது. செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நாம்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும். கேட்டால் தூண்டிவிட்டதாக ஆகாது. செக்யூரிட்டி வேலைக்காக எடுத்த லைசென்ஸ் துப்பாக்கி இன்னும் வீட்டில் இருக்கிறதா என்றும் பாருங்கள், இருந்தால் டாக்டரைப் பார்க்கிற வரைக்குமாவது அது வேறு இடத்தில், முறைப்படி இருக்கட்டும்.

அப்புறம் அந்தத் தாளைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். டாக்டரிடம் காட்டுங்கள், எந்தக் கேள்விக்கு என்ன போட்டார் என்பது அவருக்கு உதவும். சிகிச்சை தொடங்கின பிறகு மாதம் ஒரு தடவை அவர்கள் கேட்பார்கள், 41 போய் 38 வந்தது என்று குதிக்காதீர்கள், 44 வந்தது என்று உடைந்தும் போகாதீர்கள், இரண்டு மூன்று சும்மாவே ஆடும். பத்து, பதினைந்து இறங்கினால்தான் கணக்கு. அதுவரைக்கும் சித்தியிடம் ஒரு வேலை கொடுங்கள். வீட்டில் தினசரிக் காலண்டர் தொங்கும் இல்லையா, காலையில் கிழிக்கிற தேதித்தாளைக் குப்பையில் போடாமல், அதன் பின்பக்கத்தில் ராத்திரி எத்தனை மணிக்கு எழுந்தார், திரும்பப் படுத்தாரா என்று இரண்டு வார்த்தை எழுதி, அரிசி டப்பா மேல் அடுக்கி வைக்கச் சொல்லுங்கள். முதல் தடவை போகும்போது அந்தக் கட்டை ரப்பர் பேண்ட் போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.